கண்ணாடியைக் கழற்றும் முன் கொஞ்சம் வரலாறு

 இது நீண்ட பதிவு. வீட்டில் கண்ணாடி போட்ட பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற ஞாயிறு மாலை குயில் தோப்புப் பக்கம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி தன் மகனோடு காத்திருந்தாள். பையனுக்கு இருபது வயது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருக்கிறான். ரயில் ஓட்ட வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆனால் இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை.

"லேசர் பண்ணிட்டா கண்ணாடியே வேணாம் சார். மெடிக்கல்ல பாஸ் ஆயிடலாம்னு பசங்க சொல்றாங்க" என்றான்.

"வளையல அடகு வெக்கலாம்னு இருக்கேன் சார். பயமாவும் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அவள்.

நான் மருத்துவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். "ஒரு வாரம் டைம் குடும்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று அனுப்பினேன். அந்த ஒரு வாரம் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சின்னப் பாடம். கண்ணுக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி, ஒளி புகும் படலம் ஒன்று இருக்கிறது. கருவிழி என்கிறோம். நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண் சற்று நீளமாக இருக்கும், அல்லது இந்தப் படலம் அதிகமாக வளைந்திருக்கும். அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். படலத்தின் வளைவைக் குறைத்தால் பிம்பம் சரியான இடத்துக்குப் போகும். இங்கே சொல்லப்போகும் அறுவைகளின் கருத்து இதுதான்.

இந்தக் கருத்து லேசருக்கு முந்தியது. ஜப்பானில் சுடோமு சாட்டோ என்ற மருத்துவர், 1930களின் கடைசியில் ஆரம்பித்து, கருவிழியின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் கத்தியால் கீறல் போட்டு வளைவைக் குறைத்தார். செய்துகொண்டவர்களுக்குப் பார்வை தெளிந்தது. பாராட்டினார்கள். ஆனால் கருவிழியின் உள்பக்கத்தில் ஒரே வரிசையாக உயிரணுக்கள் இருக்கின்றன, அவைதான் நீரை இறைத்து வெளியேற்றிப் படலத்தைத் தெளிவாக வைத்திருக்கின்றன, போனால் திரும்ப முளைக்காது என்பது அன்று யாருக்கும் தெரியாது. சுமார் இருபது ஆண்டு கழித்து, செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கருவிழி நீர் கோத்து வீங்கி மங்கிப்போனது. சாட்டோ ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் பார்த்தது அடுத்த மாதப் பார்வையை. விளைவு வந்ததோ இருபதாவது வருஷத்தில்.

அடுத்து ரஷ்யா. 1970களில் ஸ்வியதஸ்லாவ் ஃபியோதொரோவ் என்ற மருத்துவர் உள்பக்கத்தைத் தொடாமல், வெளிப்பக்கம் மட்டும் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கீறும் முறையைப் பரப்பினார். தொழிற்சாலையில் சாமான் நகர்வது போல நோயாளிகள் படுக்கையோடு ஒரு மருத்துவரிடமிருந்து அடுத்தவருக்கு நகர, ஆளுக்கு ஒரு கட்டமாக அறுவை நடந்தது. அமெரிக்காவுக்கும் போனது. 1980களில் இந்தியாவுக்கும் வந்தது.

அமெரிக்கர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். செய்துகொண்டவர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. 100க்கு 43 கண்களில், பார்வை மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்து, ஒரு பவர் அல்லது அதற்கு மேல் தூரப்பார்வைப் பக்கம் போயிருந்தது. கீறிய கருவிழி பத்து வருஷமாகத் தளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது! 1996இல் எவரெஸ்ட் ஏறிய பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்கர் இந்த அறுவை செய்துகொண்டவர். உயரம் போகப் போக, ஆக்சிஜன் குறைந்து, அவருக்குக் கண் தெரியாமல் போனது. மலையில் புயல் வந்த நாள் அது. உயிர் பிழைத்ததே பெரிது.

பத்து வருஷம் பின்தொடர்ந்து குறித்து வைத்ததால்தான் அந்த 43 நமக்குத் தெரிகிறது. குறித்து வைப்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சிகிச்சைக்கு வந்தவருக்கு என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இதை மனதில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

இப்போது லேசர். இதில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா போய் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். எக்ஸைமர் என்ற புற ஊதா லேசர், பிளாஸ்டிக்கைச் சூடாக்காமல் அடுக்கு அடுக்காகச் சீவி எடுப்பதை அவர் கண்டிருந்தார். உயிருள்ள தசையில் என்ன ஆகும்? 1981 நவம்பரில், நன்றி கூறும் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்து வந்து அதன்மேல் பாய்ச்சினார். கருகல் இல்லை. ஓரம் கத்தி வைத்தது போலச் சுத்தம். கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். 1983இல் ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து கருவிழியில் இதைச் செய்யலாம் என்று ஸ்ரீனிவாசன் வெளியிட்டார். 2013இல் ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார்.

முதலில் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் பாய்ச்சினார்கள். சில நாள் வலி இருந்தது, பார்வை தெளிய நாளானது. பிறகு 1990 வாக்கில் கிரேக்க மருத்துவர் பல்லிகாரிஸ், கருவிழியின் மேலடுக்கை ஒரு மூடி போலத் திறந்து, உள்ளே லேசர் பாய்ச்சி, திரும்ப மூடும் முறையைச் செய்தார். அதுதான் லேசிக். வலி குறைவு, மறுநாளே பார்வை. உலகமெங்கும் பரவியதற்குக் காரணம் அந்த மறுநாள்தான்.

சரி, இதன் பின்விளைவு என்ன? படித்ததில் எனக்கு உறுதியாகப் புரிந்தவை இவை.

1. கண் வறட்சி. மூடி திறக்கும்போது கருவிழியின் மெல்லிய நரம்புகள் அறுபடுகின்றன. கண்ணீர் சுரக்கச் சொல்லும் சேதி குறைகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் சரியாகும். சிலருக்குத் தங்கிவிடும். அரிதாகச் சிலருக்குத் தீராத கண்வலியே வந்திருக்கிறது.

2. இரவு வெளிச்சம். எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம், சிதறும் கதிர்கள்.

3. கருவிழி பிதுங்கல். 1998இல் ஜெர்மன் மருத்துவர் தியோ சைலர் இதைக் கவனப்படுத்தினார். சீவியபின் மிஞ்சும் படலம் மெல்லியதாக இருந்தால் உள்ளழுத்தம் தாங்காமல் முன்தள்ளும். அரிது, ஆனால் கடுமையானது.

மூன்றாவதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சராசரிக் கருவிழி 540 மைக்ரான். மூடிக்கு 110 போகும். ஒரு பவருக்குச் சுமார் 15 சீவ வேண்டும். பையனுக்கு இரண்டரை பவர் என்றால் சுமார் 40. மிச்சம் 390. நிம்மதி. அதுவே 480 மைக்ரான் உள்ள ஒருவருக்கு மைனஸ் எட்டு என்றால்? 110ம் 120ம் போக மிச்சம் 250. அது விளிம்பு. அதனால்தான் கனம் அளக்காமல், வடிவப் படம் எடுக்காமல், "வாங்க நாளைக்கே பண்ணிடலாம்" என்று சொல்லும் இடத்தில் உட்காரக்கூடாது. பவர் நிலைக்காத இளம் வயது, ஏற்கெனவே கண் வறட்சி, முடக்குவாதம் போன்ற நோய், கர்ப்பம், பால் கொடுக்கும் காலம், இவற்றிலும் நல்ல மருத்துவர்கள் "வேண்டாம்" அல்லது "பொறு" என்பார்கள்.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடற்படையோடும் தேசியக் கண் கழகத்தோடும் சேர்ந்து 574 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. 100க்கு 95 பேருக்கு மேல் பார்வையில் திருப்தி. அன்றாட வேலைக்கே மிகவும் சிரமப்பட்டவர்கள் 100க்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில், ஒரு குழுவில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் வளையம், கூச்சம் போன்ற ஏதாவது ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். வறட்சி இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு வறட்சி. தொந்தரவும் வரலாம், திருப்தியும் இருக்கலாம். இரண்டும் உண்மைதான். எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறார். முகக்கவசம் போட்டாலே கண்ணாடியில் ஆவி படிந்து அவர் பட்ட பாடு பெரும்பாடு.

இனி பையன் விஷயம். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் அறிவிப்பை எடுத்து, அவனையே வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை வேண்டும் என்று இருந்தது. அதோடு, லேசிக் செய்துகொண்டவர்கள் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர்கள் என்றும் இருந்தது. பையன் இரண்டு தரம் வாசித்தான். முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எந்த வேலைக்காக வளையலை அடகு வைத்துக் கண்ணைச் சீவிக்கொள்ள நினைத்தானோ, அந்த வேலை சீவினாலும் இல்லை.

"அப்ப வேணவே வேணாமா சார்?" என்றான்.

"அப்படிச் சொல்லலப்பா. செஞ்சா உனக்காகச் செய். அந்த வேலைக்காகச் செய்யாத. கண்ணாடி பிடிக்கலன்னா நாளைக்கு மாத்திக்கலாம். சீவினது திரும்ப வராது. உனக்கு இருபது வயசு. பவர் ரெண்டு வருஷம் மாறாம இருக்கான்னு பாரு. கண்ணாடியோட எழுதக்கூடிய வேலையும் அதே ரயில்வேல இருக்கு" என்றேன்.

யாராவது செய்துகொள்வதானால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சரபோஜி மன்னரின் குறிப்புகளைச் சொன்னேன் அல்லவா? அறுவைக்கு முந்தைய பவர், கருவிழிக் கனம், வளைவு அளவு எல்லாம் எழுதிய தாள்களை வாங்கி, பத்திரப் பையில் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அறுபது வயதில் கண்புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழி வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். லேசர் செய்த கண்ணில் அந்தக் கணக்கு பிசகும். கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அன்று அந்தப் பழைய தாள் உதவும். இன்னொன்று, லேசர் செய்தாலும் நாற்பதைத் தாண்டினால் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடத்தான் வேண்டும். வெள்ளெழுத்து வேறு விஷயம்.

மருத்துவரிடம் "நாளைக்கு எப்படி இருக்கும்?" என்று எல்லாரும் கேட்கிறோம். சாட்டோவிடம் சிகிச்சை பெற்றவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். "இருபது வருஷம் கழித்து எப்படி இருக்கும்?" என்றும் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் கண்ணைக் கொடுங்கள்.

நேற்று அந்தப் பெண் கோயில் பக்கம் பார்த்தாள். பையன் வேறு ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டானாம். வளையல் கையில் இருந்தது.

செய்துகொண்டவர்கள் இருந்தால் எத்தனை வருஷம் ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும். பிழை இருந்தால் மருத்துவ நண்பர்கள் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.


ஓய்வுபெற்ற ஆசிரியர், கருவடிக்குப்பம், புதுச்சேரி.