பாம்பி பார்த்தவர்கள்

சென்ற மாதம் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். இரண்டு நாள் விடாத மழை. கடற்கரைப் பக்கம் போக வழியில்லை. ஐந்து வயதுப் பேத்தியை வீட்டுக்குள் எப்படி அடக்குவது? வால்ட் டிஸ்னியின் ‘பாம்பி’ கார்ட்டூன் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குளிர்காலம் முடியப் போகிறது, பனிக்கு நடுவே முளைத்த புதுப்புல்லைத் தின்னத் தாய்மானும் குட்டியும் வெளிக்கு வருகின்றன. அந்த இடம் வந்ததும் மருமகள் ரிமோட்டை எடுத்துப் படத்தைக் கொஞ்சம் முன்னால் ஓட்டிவிட்டாள். திரையில் திடீரென்று வசந்தகாலம், பறவைகளின் பாட்டு.

“ஏம்மா ஓட்டிட்டே?” என்றேன்.

“வேண்டாம் மாமா. ராத்திரி தூங்க மாட்டா.”

பேத்தி விடவில்லை. “அம்மா மான் எங்கே தாத்தா?” என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் காட்சியைக் குழந்தைக்குக் காட்டலாமா கூடாதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் புதிதாகப் பிறந்ததில்லை. படம் வந்த 1942-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பு புரட்டிப் பழகியவன் நான். கோப்பில் எனக்குப் பிடித்தது உத்தரவு இல்லை, அதற்கு முன்னால் ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கும் குறிப்புகள்தான். ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் எங்கே நின்று பார்த்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பாம்பியின் கோப்பும் அப்படிப்பட்டதுதான். கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் கதை யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். ஃபெலிக்ஸ் சால்டன் என்ற வியன்னா எழுத்தாளர், யூதர். 1922-இல் ஒரு நாளிதழில் தொடராக எழுதி, மறு ஆண்டு புத்தகமாக்கினார். அது குழந்தைகளுக்காக எழுதிய புத்தகமே இல்லை. அதில் நரி கொல்லும், கீரி இனத்துப் பிராணிகள் கொல்லும், மனிதனும் கொல்வான். மனிதனிடம் வளர்ந்து அவனை நம்பிய ஒரு மான்குட்டி அந்த நம்பிக்கையாலேயே சாகும். இத்தனையும் எழுதிய சால்டன் தாமே வேட்டைக்குப் போகிறவர் என்பதுதான் வேடிக்கை. 1936-இல் நாஜிகள் அந்தப் புத்தகத்தைத் தடை செய்தார்கள். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு சால்டன் சுவிட்சர்லாந்துக்குப் போய், 1945-இல் சூரிச் நகரில் இறந்தார். துரத்தப்படும் மான்கள் என்பது துரத்தப்படும் யூதர்களைத்தான் குறிக்கிறது என்று வாசிப்பவர்களும் உண்டு. எழுதும்போது அவர் மனத்தில் என்ன இருந்ததோ, 1936-க்குப் பிறகு அதை வேறு மாதிரி வாசிப்பது கஷ்டம்தான்.

அவர் எழுதியது ஐரோப்பாவின் சிறு மானைப் பற்றி. பிரெஞ்சில் அதற்கு ‘ஷெவ்ரய்’ என்று பெயர். அமெரிக்காவில் அது கிடையாது. ஆகவே டிஸ்னி அதை அந்த நாட்டு வெள்ளைவால் மானாக மாற்றிவிட்டார். மேய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளை வரவழைத்து ஸ்டூடியோவில் வளர்த்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். இந்த மாற்றத்தால் பிரான்சில் ஒரு குழப்பம் உண்டாயிற்று என்பார்கள். ‘பீஷ்’ என்றால் ‘செர்’ என்ற பெரிய மானின் பெட்டை. ஷெவ்ரய்யின் பெட்டைக்கு ‘ஷெவ்ரெத்’ என்று தனிப்பெயர். ஆனால் ஷெவ்ரய்யின் மனைவிதான் பீஷ் என்று இன்றைக்கும் பல பிரெஞ்சுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழியைப் பாம்பி தலையில் போடுகிறார்கள். எனக்கு அதில் குழப்பம் வந்ததில்லை. மான்குட்டிக்குரிய ‘ஃபான்’ என்ற சொல்லில் நடுவே ஓர் ‘ஓ’ எழுத்து ஒலிக்காமல் ஒளிந்திருக்கும். தித்தேயில் (டிக்டேஷன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அந்த எழுத்தை விட்டுவிட்டு ஸ்கேலால் அடி வாங்கியவன் நான். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. பெண்மான் பிணை, ஆண்மான் கலை, குட்டியைக் கன்று என்றும் சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியலே தீர்த்து வைத்திருக்கிறது.

இனி பார்த்தவர்கள் சொன்னதற்கு வருவோம். முதல் ஆட்சேபம் டிஸ்னியின் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. மகள் டயனுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. பாம்பியின் அம்மாவை ஏன் சாகடித்தாய் என்று அழுதுகொண்டே கேட்டாளாம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றாராம் அப்பா. எத்தனையோ விஷயத்தை மாற்றினாயே, இதை மட்டும் மாற்றக் கூடாதா என்று திருப்பிக் கேட்டாளாம் மகள். நியாயமான கேள்வி. நரியும் கீரியும் செய்யும் கொலைகளை எடுத்தாயிற்று, மானின் ஜாதியையே மாற்றியாயிற்று, அந்த ஒரு சாவை மட்டும் ஏன் விட்டு வைக்க வேண்டும்?

இதற்கு விடை சொல்லச் சிலர் டிஸ்னியின் சொந்த வாழ்க்கையைத் துணைக்கு அழைப்பார்கள். படம் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், 1938 நவம்பரில் அவருடைய தாயார் ஃபுளோரா இறந்தார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வீட்டில், பழுதான கணப்பு அடுப்பிலிருந்து கசிந்த விஷவாயுவை மூச்சில் இழுத்து இறந்து போனார். அந்தத் துக்கம்தான் பாம்பியில் வந்திருக்கிறது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. தாய்மான் 1922-லேயே சால்டன் கையால் செத்தாயிற்று. ஆனால் அந்தச் சாவை எப்படிக் காட்டுவது என்பது டிஸ்னி எடுத்த முடிவு. அவர் காட்டவே இல்லை. வெடிச்சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். குட்டி கொட்டும் பனியில் தேடுகிறது. தகப்பன் மான் வந்து, உன் அம்மா இனி உன்னோடு இருக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறது. அதற்குமேல் பேச்சில்லை. படம் முழுவதற்குமே வசனம் ஆயிரம் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பெரியவர்கள் எல்லோரும் டயனைப் போல அழவில்லை. கலிபோர்னியாவில் பொமோனா என்ற ஊரில் முன்னோட்டமாகப் போட்டுக் காட்டியபோது, பாம்பி அம்மாவைக் கூவித் தேடும் இடத்தில், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று மாடியிலிருந்து ஒரு விடலைப்பையன் கத்தினானாம். கொட்டகையே சிரித்ததாம். வரைந்தவர்கள் வயிற்றில் எப்படி இருந்திருக்கும்? விமரிசகர்களின் குறை வேறு மாதிரி. காடும் மிருகமும் அசலைப் போலவே இருக்கின்றன, அப்படியானால் கார்ட்டூன் எதற்கு என்று கேட்டார்கள். மேனி ஃபார்பர் என்ற விமரிசகர் ஒரேயடியாகத் தித்திக்கிறது என்று கழித்துக்கட்டினார். அந்தக் காட்டை அப்படிப் பனிமூட்டம் போலத் தீட்டக் காரணமாயிருந்தவர் டைரஸ் வோங். சீனாவிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்து, பழைய சீன ஓவியங்களைப் பார்த்துத் தேர்ந்தவர். படம் வெளிவருவதற்கு முன்பே அவருக்கு வேலை போயிற்று. உரிய மரியாதை கிடைக்கக் கிழவராகும் வரை காத்திருந்தார். நல்லவேளையாக 106 வயது வரை இருந்தார்.

மிகப் பலமாகக் கூச்சலிட்டவர்கள் வேட்டைக்காரர்கள். ‘அவுட்டோர் லைஃப்’ என்ற வேட்டைப் பத்திரிகையின் ஆசிரியர் ரேமண்ட் பிரவுன் டிஸ்னிக்குத் தந்தியே அடித்தார். புல் முளைக்கும் பருவத்தில் மானைச் சுடுவது சட்டவிரோதம், அமெரிக்க வேட்டைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான், இது எங்களுக்குச் செய்த பெரிய அவமானம் என்பது அவர் வாதம். இத்தனைக்கும் படத்தில் மனிதன் முகத்தைக் காட்டவே இல்லை. காட்டாததால்தான் ஒவ்வொரு வேட்டைக்காரனுக்கும் அது தன் முகமாகத் தெரிந்துவிட்டதோ என்னவோ. மறுபக்கம், பறவை விலங்குப் பாதுகாப்புக்காரர்கள் இந்தப் படத்தை அடிமை முறைக்கு எதிராக வந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலுக்குச் சமமாக வைத்துப் புகழ்ந்தார்கள்.

இது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெரிய தகராறு. அங்கே மான்கள் பெருத்துப்போய், தின்னத் தழையில்லாமல் குளிர்காலத்தில் செத்துக்கொண்டிருந்தன. ஆல்டோ லியோபோல்ட் என்ற வனவிலங்கு அறிஞர், காட்டை உயிராக நேசித்தவர், கொம்பில்லாத மான்களையும், அதாவது பெட்டைகளையும் குட்டிகளையும்கூடச் சுட அனுமதித்தால்தான் மந்தையும் காடும் பிழைக்கும் என்றார். 1943-இல் அனுமதித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மான்கள் சுடப்பட்டன. பொதுமக்கள் கொதித்தெழுந்து அதற்கு ‘நாற்பத்து மூன்றின் குற்றம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கொதிப்பில் பாம்பிக்கு எவ்வளவு பங்கு என்று படியளந்து சொல்ல முடியாது. ஆனால் பெட்டைமானைச் சுடுவது என்றதும் அந்த ஜனங்களில் பலருக்கு எந்த வெடிச்சத்தம் காதில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பசியால் மான் சாவதை யாரும் படமாக எடுக்கவில்லை, பாருங்கள். காட்டில் மனிதனைத் தவிரப் பகையே கிடையாது, ஆந்தையும் முயலும் சிநேகிதர்கள் என்று நம்ப வைத்துவிட்டது என்பதுதான் இன்றுவரை வனத்துறை அறிஞர்கள் இந்தப் படத்தின் மேல் சொல்லும் குறை. அதில் உண்மை இருக்கிறது. அதே சமயம், பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி தமக்கு விலங்குகள் மேல் அக்கறை பிறந்ததற்கு அந்தத் தாய்மானின் சாவையே காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

வசூலா? போர்க்காலம், ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் கிடந்தது. முதல் சுற்றில் நஷ்டம். 1947-இலும் 1957-இலும் மறுபடி வெளியிட்டுத்தான் காசைப் பார்த்தார்கள். நடுவில் 1944-இல் காட்டுத்தீ தடுப்பு விளம்பரத்துக்குப் பாம்பியை ஓராண்டுக்கு மட்டும் இரவல் கொடுத்தார் டிஸ்னி. சுவரொட்டி நன்றாக எடுபட்டது. இரவல் தவணை முடிந்துவிடுமே என்று வனத்துறைக்காரர்கள் சொந்தமாக ஒரு கரடியை உருவாக்கிக்கொண்டார்கள். அதுதான் தொப்பி போட்ட ஸ்மோக்கி கரடி.

எங்கள் ஊருக்கு அந்தப் படம் 1960, 61 வாக்கில் வந்தது என்று நினைவு. எனக்கு ஒன்பது வயது இருக்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது, நாங்கள் படித்தது மட்டும் பிரெஞ்சில்தான். இங்கிலீஷ் ஓர் அட்சரம் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். இந்தோசீனாவில் சண்டை போட்டுத் திரும்பியவர். பிள்ளைகுட்டி இல்லை. தெருப்பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு படத்துக்குக் கிளம்பினார்.

“பாம்புப் படத்துக்கா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறே?” என்று பாட்டி திண்ணையிலிருந்து அதட்டினாள். அவர், “பாம்பு இல்லம்மா, பாம்பி. மான்” என்றார். “மானுக்கு எவன் பாம்பின்னு பேரு வெச்சான்?” என்று பாட்டி முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

எங்களோடு சித்தப்பா மகனும் வந்தான். அவனுக்கு ஐந்து வயது. அதற்கு முந்திய வருஷம் சித்தி பிரசவத்தில் போய்விட்டாள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை.

பனிக்காட்டில் வெடிச்சத்தம் கேட்டபோது சொல்தா மாமா எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். படம் முடியும்வரை திரும்பவில்லை. வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிஜச் சண்டை பார்த்தவர் கார்ட்டூன் துப்பாக்கிக்குப் பயந்துவிட்டார் என்று தெருவில் ரொம்ப நாள் சிரித்தோம். வளர்ந்த பிறகு எனக்குப் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். இந்தோசீனக் காட்டில் என்னவெல்லாம் பார்த்தாரோ, அந்தச் சத்தம் தாங்கியிருக்காது என்று. பலரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

பேத்தி ஊருக்குப் போன மறுநாள் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் இப்போது பாரிஸ் பக்கத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். பேச்சுவாக்கில் இந்தப் படத்தையும், சொல்தா மாமா பயந்து ஓடியதையும் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அவரு எங்கண்ணே பயந்தாரு? நான்தான் ‘அந்தக் குட்டியோட அம்மா எங்கே மாமா, எங்கே மாமா’ன்னு அவரு சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன். என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வெளியே வந்துட்டாரு. நீ எங்கே கவனிச்சே, திரையையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பே.”

“வெளியே என்ன செஞ்சீங்க?”

“சோடா வாங்கிக் குடுத்தாரு. படிக்கட்டுல உக்கார வெச்சு, ‘உங்க அம்மா ஊருக்குப் போகலடா, இனிமே வர மாட்டாங்க’ன்னு சொன்னாரு. வீட்டுல போய்க் கேக்காதேன்னாரு. நான் யாரையும் கேக்கலண்ணே.”