உளி யார் கையில்?



பொறியியல் படித்தவர்களுக்கு முதலாண்டு ஒர்க்‌ஷாப் மறக்குமா? கொட்டாப்புளியும் உளியுமாக நின்று, ஒரு கட்டையில் துளை போட்டு, மறு கட்டையில் நாக்கு செதுக்கி, இரண்டும் சிக்கெனப் பொருந்துகிறதா என்று பார்த்தோமே! "இன்ஜினியர் ஆகப்போறவனுக்கு ஆசாரி வேலை எதுக்கு?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

தச்சு வேலை என்பது ஒரு காலத்தில் குருவின் காலடியில் வருடக்கணக்கில் இருந்து கற்றது. 1868-ல் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் அதைப் பாடமாக மாற்றினார். எளிய இணைப்பு முதலில், கடினமானது பிறகு என்று படிப்படியான பயிற்சிகள். 1876-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் அந்த மாதிரிகளைக் கண்டு அங்குள்ள கல்வியாளர்கள் அசந்து போனார்கள். 1880-ல் செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்ட் நடத்திய பள்ளியில் 14 வயது தாண்டிய பையன்கள் கணக்கு, அறிவியலோடு மரவேலையும் படித்தார்கள். நம் ஒர்க்‌ஷாப் ஜாயின்ட்டுகளிலும் அந்த முறையின் சாயல் தெரியும்.

வட ஐரோப்பாவில் வேறு வழி. பின்லாந்தில் உனோ சிக்னேயஸ் முயற்சியால் 1866-லேயே கைவேலை பொதுப்பள்ளிக்குள் வந்துவிட்டது. ஸ்வீடனில் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் 'ஸ்லாய்ட்' முறையை வளர்த்தார். வெறும் ஜாயின்ட் செய்து மூலையில் போடுவதில் பிள்ளைக்கு என்ன சந்தோஷம்? வீட்டுக்கு உதவும் ஒரு முழுப்பொருளைச் செய்யட்டும் என்றார் அவர். முதல் கருவி சாதாரணக் கத்திதான். கற்றுத்தர வேண்டியவர் தச்சர் அல்ல, பயிற்சி பெற்ற ஆசிரியர் என்பதிலும் உறுதியாக இருந்தார்.

வழி வேறானாலும் உட்வர்டும் சாலமனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். தச்சர்களை உருவாக்குவது நோக்கமல்ல. கையும் கண்ணும் மூளையும் சேர்ந்து பழக வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் குழு பரிந்துரைத்த கைத்தொழில்களில் தச்சும் ஒன்று.

பிறகு வந்தது 1953. சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று திட்டம் போட்டது. பெரியார் அதைக் 'குலக்கல்வி' என்று சாடினார். மாநிலமே கொந்தளித்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்களுக்கு உளி மேல் என்ன கோபம்? ஸ்வீடனில் யார் வீட்டுப் பிள்ளையானாலும் பள்ளியில் உளி பிடிக்கலாம். இங்கேயோ அப்பா உளி பிடித்தால்தான் பிள்ளைக்கும் உளி! முன்னது கல்வி. பின்னது விலங்கு. கோபம் நியாயமானதே.

ஆனால் அந்தக் கசப்பில் உளியையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஸ்வீடனில் இன்றும் ஸ்லாய்ட் கட்டாயப் பாடம். பையன்களும் பெண்களும் மரவேலை, தையல் இரண்டையும் கற்கிறார்கள். நம்மில் பள்ளி நடத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நாளைய பெற்றோர் இருக்கிறார்கள். நம் ஊர் உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு மரவேலைக் கூடம் வரட்டும். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: டாக்டர் மகளும் தச்சர் மகனும் ஒரே மேஜையில் நின்று கற்க வேண்டும். அதற்குச் சம்மதமில்லை என்றால், அந்தக் கூடமே வேண்டாம்!