கடியாரத்துக்குள் ஒரு குடம்

சேரன்மகாதேவியை எங்கள் பக்கம் யாரும் முழுசாகச் சொல்வதில்லை, சேர்மாதேவிதான். கடிகாரமும் அப்படித்தான் தேய்ந்து கடியாரம் ஆயிற்று. ஊர்ப்பெயரை நீட்டிச் சொன்னால் உள்ளே ஒரு மகாதேவி தெரிவாள். கடியாரத்தை நீட்டினால் ஒரு குடம் தெரியும்.

கடம் என்றால் குடம். கடிகை, சின்னக் குடம். அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிறைந்து அமிழும் நேரம் ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம். நாளுக்கு 60. இதையே நாழிகை என்றோம். அதுவும் நாழி என்ற அளவைக் கலத்தின் உறவுச்சொல். முல்லைப்பாட்டில் வரும் கன்னலும் நீர்க்கலமே.

கிண்ணம் அமிழ்ந்ததும் மணியடித்து ஊருக்குச் சொல்வார்கள். இன்று "மணி என்ன?" என்று கேட்கையில் ஓசையின் பெயரால்தான் நேரத்தைக் கேட்கிறோம். ஆங்கிலக் 'கிளாக்'குக்கும் மூலப்பொருள் மணிதான்.

வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ், ரயில் நிலையச் சுவர்களுக்கு வந்த இங்கிலீஷ் கடியாரம் வட்ட முகம் கொண்டது: 12 அங்குல வெள்ளைத் தகடு, பித்தளை வளையம், மஹோகனிச் சட்டம். ரோமன் எண்ணில் நாலு மட்டும் பெரும்பாலும் நாலு கோடாக நிற்கும். கடியாரத்தின் சூட்சுமம் உள்ளே இருக்கிறது. முழுக்கச் சுற்றிய வில் பலமாக இழுக்கும், தளரத் தளர வலு குறையும்; நேரம் பிசகும். அதற்காகப் பம்பரம் போன்ற ஒரு கூம்பில் வரி வெட்டி, சாட்டை சுற்றுவதுபோல் நரம்போ சங்கிலியோ சுற்றினார்கள். பெயர் ஃபியூசி. வில் முறுக்காக இருக்கையில் கூம்பின் ஒல்லி முனையை இழுக்கும், தளர்ந்தபின் பருத்த பக்கத்தை. விசை சமமாகிவிடும். மலிவான அமெரிக்க, ஜெர்மன் கடியாரங்களில் பெரும்பாலும் இந்தப் பம்பரம் கிடையாது.

பொறி அவர்களுடையது, பேச்சு நம்முடையது. அவர்கள் 'கை' என்றதை நாம் தராசு முள்ளைப் போல முள் என்றோம். எட்டு நாளைக்கொரு தரம் கடியாரத்துக்குக் கொடுக்கும் 'சாவி' போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். நேரமும் இரவல்தான்: 1906-இல் இந்தியப் பொதுநேரம் வந்தபோது மெட்ராஸ் நேரத்தைவிட அது ஏறக்குறைய 9 நிமிடம் முந்தியிருந்தது.

பஞ்சாங்கம் மட்டும் மசியவில்லை. திதியையும் நட்சத்திரத்தையும் இன்றும் நாழிகையில் போடுகிறது. முகூர்த்தம் பார்க்கும் பெரியவர் கடியாரத்தை நிமிர்ந்து பார்த்து, மணிக்கு இரண்டரை நாழிகை என்று விரல்விட்டு எண்ணுகிறார்.