வண்டலூர் உயிரியல் பூங்காவும் இனமீட்பும்

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையையொட்டி உள்ளது. திருநீர்மலை, பல்லாவரம் வட்டாரத்தார் பலருக்கு இது காணும் பொங்கலன்று குடும்பத்தோடு போகும் இடம். அருகிவரும் விலங்குகளைப் பெருக்கும் பொறுப்பு இதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

தொடக்கம் 1855. சென்னை அருங்காட்சியகத்தில் உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் வைத்ததும் கூட்டம் பெருகியதைக் கண்ட அதன் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர், கர்நாடக நவாபின் விலங்குகளையும் கேட்டு வாங்கினார். ஓராண்டுக்குள் 300க்கு மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன. பின்னர் இந்த விலங்குக்காட்சிசாலை சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூறாண்டுக்கு மேல் நெரிசலில் கிடந்தது. 1979-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 510 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24-ல் புதிய பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார்.

அடைப்பில் பெருக்கிக் காட்டுக்குத் திருப்பும் முறைக்குப் பெயர்பெற்ற சான்று பாலைவனத்தில்தான் உள்ளது. வேட்டையால் அழிந்துகொண்டிருந்த அரேபிய ஓரிக்ஸ் மான்களில் சில 1962-ல் ஏடன் பகுதியில் பிடிக்கப்பட்டன. லண்டன், குவைத், சவூதியிலிருந்து வந்தவற்றோடு சேர்த்து ஒன்பது மான்கள், வறண்ட தட்பவெப்பம் ஒத்துவந்த அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ஒரு மந்தையாயின. காட்டில் கடைசி ஓரிக்ஸ் 1972-ல் சுடப்பட்டது. அடைப்பில் பெருகியவை 1982-ல் ஓமனில் மீண்டும் காட்டில் விடப்பட்டன. ஆனால் அங்கே வேட்டை திரும்பியது, அவற்றுக்கான சரணாலயமும் சுருக்கப்பட்டது. 2007-ல் யுனெஸ்கோ அதைத் தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. மற்ற நாடுகளில் மந்தைகள் பெருகியதால் இன்று இனம் தப்பியிருக்கிறது.

இந்தியாவிலும் இப்படியொரு முயற்சி நடக்கிறது: ராஜஸ்தானின் சாம் என்ற இடத்தில் 2019 முதல் கானமயில் முட்டைகளைக் காட்டிலிருந்து எடுத்துப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. ஆனால் வெளியே பறவைகளைக் கொல்வது மின்கம்பிகள்.

வண்டலூரின் பங்கு மழைக்காட்டைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கின் இனப்பெருக்கத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்புப் பூங்கா இதுவே. இங்கே பிறக்கும் வெள்ளைப்புலிக்குட்டிகளுக்குக் கிடைக்கும் செய்தித்தாள் இடம் இந்தக் குரங்குக்குக் கிடைப்பதில்லை. வெள்ளைப்புலியோ தனி இனமே அல்ல, நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்துத் தக்கவைத்த நிறமாற்றம். குரங்கைப் பெருக்குவது மட்டும் போதாது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட சோலைகளில் இருப்பவையே சாலையைக் கடக்கும்போது அடிபடுகின்றன. அவற்றுக்காக மரங்களுக்கிடையே பாலம் கட்டியிருக்கிறார்கள்.