பாக்குவெட்டி இளவரசன்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் மேனாட்டு நகரங்களில், சிறப்பாக அமெரிக்காவில், பெரிய நாடகசாலை முதல் பள்ளிக்கூட மண்டபம் வரை எங்கும் ஒரே கதையை ஆடத் தொடங்கிவிடுவர். 'நட்கிராக்கர்' என்பது அதன் பெயர். நம் வீட்டுப் பாக்குவெட்டிக்கு உறவான ஒரு கருவியை மனித உருவில் மரத்தால் செதுக்கி, அதன் வாயில் ஓடு தடித்த காயை வைத்து, முதுகுப்புறத்துக் கோலை அழுத்தினால் அது கடித்து உடைக்கும். அப்பொம்மை ஒரு கிறிஸ்துமஸ் இரவில் இளவரசனாகிவிடுவதே கதை. பாட்டியர் தம் பேரப்பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சென்று, தாமும் சிறு வயதில் இதையே கண்டதாகப் பெருமையுடன் கூறுவர். கேட்போர், இஃது ஏசுநாதர் காலந்தொட்டு வருகின்ற சடங்கு போலும் என மயங்கவுங் கூடும்.

உண்மையோ வேறு. இந்த ஆட்டம் 1892-ஆம் ஆண்டில் முதன்முதல் அரங்கேறியபோது தோல்வியுற்றது. அமெரிக்காவில் இது முழுமையாக ஆடப்பெற்றது 1944-லேதான். 'தொன்றுதொட்டு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் தலைவணங்கிவிடாமல், எத்தனை ஆண்டு, யார் தொடங்கியது, எதற்காக என்று கேட்டுப் பார்க்கும் பழக்கமுடையோர்க்கு இக்கதை பெரிதும் சுவைக்கும்.

பொம்மையிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியில் ஏர்ஸ்கெபிர்கே என்றொரு மலைநாடு உண்டு. அங்குள்ள சுரங்கங்களில் உலோகம் குன்றியபோது, சுரங்கத் தொழிலாளர் மரம் கடைந்து விளையாட்டுச் சாமான்கள் செய்து பிழைக்கலாயினர். காய் உடைக்கும் பொம்மைகளை அவர்கள் அரசனாகவும், படைவீரனாகவும், போலீஸ்காரனாகவும் செய்தனர். ஆண்டு முழுதும் தம்மை அதட்டுகின்ற அதிகாரிகளின் பல்லைக்கொண்டே பண்டிகை நாளில் தமக்குப் பருப்பு எடுத்துக்கொள்வதில் ஏழை மக்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பர். இருந்திருக்கும் என்றே நாமும் நம்புகிறோம்.

இப்பொம்மையைக் கதைநாயகனாக்கியவர் ஹாஃப்மன். பிரஷ்ய அரசாங்கத்தில் நீதிபதி. பகலில் வழக்கு விசாரணை, இரவில் இசையும் கதையும் என வாழ்ந்தவர். தம் நண்பர் ஹிட்ஸிக் என்பாரின் குழந்தைகளான மரீ, ஃபிரிட்ஸ் ஆகியோரின் பெயர்களையே கதை மாந்தர்க்குச் சூட்டி, 1816-ல் பெர்லின் நகரில் அதனை வெளியிட்டார். ஏழு தலை எலியரசன் படையோடு வருகிறான். பொம்மை வீரன் எதிர்த்து நிற்கிறான். சிறுமி மரீ தன் காலணியை எறிந்து அவனைக் காக்கிறாள். மறுநாள் அவள் தான் கண்டதைச் சொல்லும்போது பெரியோர் நகைக்கின்றனர், பிறகு கடிந்துகொள்கின்றனர். அவளோ தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கதையின் உயிர்நாடி அவ்விடத்திலேதான் இருக்கிறது.

1844-ல் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா இக்கதையைத் தம் மொழியில் மீண்டும் எழுதினார். ஹாஃப்மனின் இருளும் அச்சமும் அவர் கையில் குறைந்தன. இந்தத் துமாவின் பாட்டி, ஹைட்டித் தீவில் அடிமையாயிருந்த கறுப்பினப் பெண்மணி. ஜெர்மானிய நீதிபதியிடமிருந்து அடிமைப் பெண்ணின் பேரனிடம் வந்து, அங்கிருந்து ருஷியச் சக்கரவர்த்தியின் நாடகசாலைக்குப் போன கதை இது. தூய மரபு பேசுவோர் இதனை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவர்?

நிற்க. பாலே என்பது பேச்சும் பாட்டுமின்றி, வாத்திய இசைக்கேற்பக் கால்விரல் நுனியில் நின்றாடிக் கதை நடத்தும் மேனாட்டு நாட்டியம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அரசாங்க நாடகசாலைகளின் தலைவராயிருந்த விசெவொலோஷ்ஸ்கி, 1890-ல் 'உறங்கும் அழகி' என்னும் பாலே பெற்ற வெற்றியைக் கண்டு, அதே கூட்டத்தாரைக்கொண்டு இக்கதையையும் ஆடுவிக்க விரும்பினார். பிரான்சில் பிறந்த பெத்திப்பா நாட்டிய ஆசான். சைக்கோவ்ஸ்கி இசைப் புலவர். இன்ன இடத்தில் இத்தனை தாளத்துக்கு இன்ன வகை இசை வேண்டுமெனப் பெத்திப்பா வரிவரியாக எழுதிக் கொடுத்தார். தையற்காரருக்கு அளவு கொடுப்பதுபோல் கொடுக்கப்பட்ட அவ்வேலையில் சைக்கோவ்ஸ்கிக்கு முதலில் மனம் ஒட்டவில்லை.

அவ்வேலை நடந்த 1891-ஆம் ஆண்டிலேயே அவருடைய அன்புத் தங்கை அலெக்சாந்திரா இறந்தார். அமெரிக்காவுக்குப் புறப்படவிருந்த வேளையில், பாரிஸ் நகரில் ஒரு செய்தித்தாள் வாயிலாகவே அவர் அதை அறிந்தார். இப்பாலேயின் இறுதியில் இருவர் ஆடும் பகுதிக்கு அவர் அமைத்த மெட்டு, மேல் சட்ஜத்திலிருந்து கீழ் சட்ஜம் வரை படிப்படியாய் இறங்குவதேயாம். நம் சங்கராபரணத்தின் அவரோகணத்தை அறிந்தவர்க்கு அது புதிதன்று. அதில் தங்கையை இழந்த துயரைக் கேட்பவர் உளர். அவர் அவ்வாறு எழுதி வைத்தாரில்லை. ஆயினும் மிட்டாய் நாட்டுக் கொண்டாட்டத்தின் நடுவே அந்த இசை எழும்போது, சிரித்துக்கொண்டிருந்தவரும் ஒரு கணம் வாய் மூடிவிடுவர்.

அந்தப் பாரிஸ் நகரிலேயே செலஸ்டா என்னும் புதிய வாத்தியத்தையும் அவர் கண்டார். முஸ்டெல் என்பார் 1886-ல் செய்தது. பியானோவைப்போல் கட்டைகளை அழுத்தினால் உள்ளே எஃகுத் தகடுகள் மணிபோல் ஒலிக்கும். உடனே தம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி அதை வாங்கச் செய்தார். ரிம்ஸ்கி கோர்ஸகோவும் கிளசுனோவும் அறிந்துவிட்டால் தமக்கு முன்னே பயன்படுத்திவிடுவர் என அஞ்சி, யாருக்கும் காட்டவேண்டாமென எச்சரிக்கையும் செய்தார். பெருங்கலைஞர்க்கும் அடுத்த வீட்டார் முந்திக்கொள்வரோ என்னும் கவலை இருந்தமை நமக்கு ஆறுதலே. சர்க்கரைத் தேவதையின் நடனத்தில் நாம் கேட்கும் மணியோசை அந்த வாத்தியத்தினுடையது.

பெத்திப்பா நோயுற்றமையால் நடன அமைப்பு அவருடைய உதவியாளர் இவானோவ் கைக்கு வந்தது. 1892 டிசம்பர் 18-ஆம் நாள், மாரின்ஸ்கி நாடகசாலையில், 'இயோலாந்தா' என்னும் இசைநாடகத்துக்குப்பின் இது ஆடப்பெற்றது. இசையைப் புகழ்ந்தோர் சிலர் இருந்தனர். ஆட்டத்தைப்பற்றி விமர்சகர்கள் கூறிய குறைகள் யாவை? முதற் பாதி முழுதும் மேடையைக் குழந்தைகள் அடைத்துக்கொண்டனர். தேர்ந்த நடனமாது கடைசியிலேதான் தலைகாட்டினாள். எலிச்சண்டை ஒரே குழப்பம். இரண்டாம் பாதியில் கதையே இல்லை. மறு ஆண்டு நவம்பரில் சைக்கோவ்ஸ்கி காலமானார். தம் பாலே உலகை வெல்லுமென்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

1917-ல் புரட்சி வந்தது, சக்கரவர்த்தி போனார். நாட்டியக்காரர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். செர்கேயெவ் என்பார் நடனக் குறிப்பேடுகளைத் தம்முடன் கொண்டு சென்றமையால் 1934-ல் லண்டன் இதைக் கண்டது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கிறிஸ்டென்சன், 1944-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னாளன்று, போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கிடையே இதை முழுமையாக மேடையேற்றினார். பீட்டர்ஸ்பர்க்கில் அது எவ்வாறு ஆடப்பட்டதென அவர்க்குச் சொல்லிக் கொடுத்தோர், அந்நகரை 1924-ல் விட்டு வந்த தனிலோவா அம்மையாரும் பாலன்ஷீனும். கையில் ஏடில்லை, நினைவே ஏடு. கடல் கடந்து வந்து, ஊர்த் திருவிழாவை நினைவிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பியவர்க்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

பாலன்ஷீன் சிறுவனாயிருந்தபோது இதே பாலேயில் ஆடியவர். 1954-ல் நியூயார்க்கில் தமது சொந்த அமைப்பை அரங்கேற்றுகையில், பீட்டர்ஸ்பர்க் விமர்சகர்கள் எதைக் குற்றமென்றனரோ அதையே பலமாக்கினார். தம் பள்ளிப் பிள்ளைகளை மேடை நிறைய ஏற்றினார். கதையில் வரும் கிறிஸ்துமஸ் மரம் கண்முன்னே 41 அடி உயரம் வளரும்படி செய்தார். 1957-லும் 1958-லும் தொலைக்காட்சி அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. பிறகு ஊர்தோறும் நடனப் பள்ளிகள் இதை எடுத்துக்கொண்டன. ஒரு பிள்ளை எலியாகவோ பனித்துளியாகவோ மேடையேறினால் அதன் தாய் தந்தையர், பாட்டி, அத்தை, அண்டை வீட்டார் அனைவரும் சீட்டு வாங்குவர் அன்றோ? இன்றும் பல அமெரிக்க நடனக் குழுக்கள் ஆண்டு வருவாயில் பெரும்பகுதியை இந்தச் சில வாரங்களிலேயே ஈட்டுகின்றன. மற்ற மாதங்களில் புதியன செய்து நட்டப்படுவதற்கு இந்தப் பொம்மையே பணம் கொடுக்கிறது. அன்பும் வரவும் செலவும் சேர்ந்தே இந்த மரபைக் கட்டின.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. கிறிஸ்துமஸ் பாலே என்று பெயர் பெற்ற இதில் மாதா கோயிலோ, பாதிரியாரோ, ஜெபமோ கிடையாது. மரம், பரிசு, விருந்து, குழந்தைகள் என்பனவே உண்டு. ஆகையினாலேயே சமயத்தை ஒடுக்கிய சோவியத் ஆட்சியிலும் இது வாழ முடிந்தது. அங்கே விலக்கப்பட்டிருந்த கிறிஸ்துமஸ் மரம் 1935-ஆம் ஆண்டு முடிவில் புத்தாண்டு மரமெனப் பெயர் மாறித் திரும்பியபின், இந்நாட்டியமும் புத்தாண்டு விருந்தாகிவிட்டது.

இரண்டாம் பாதியைப்பற்றி ஒரு சொல். மிட்டாய் நாட்டில் விருந்தினர்முன் பலகாரங்களும் பானங்களும் ஆடிக் காட்டுகின்றன. சாக்லேட் ஸ்பெயின் உடையிலும், காப்பி அரபு உடையிலும், தேநீர் சீன உடையிலும் வருகின்றன. அரபு இசையெனப்படுவது உண்மையில் ஜார்ஜியா நாட்டுத் தாலாட்டு. இது அரங்கேறிய நாளில் இலங்கை மலைச் சரிவுகளில் நம்மவர் கூடை சுமந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். தோட்டத்தில் பாடுபட்டோர் எவரும் மிட்டாய் நாட்டு விருந்துக்கு அழைக்கப்படவில்லை. கோப்பையில் வந்த பொருள் மட்டுமே மேடையேறிற்று. சீனரோ தொங்கு மீசையும், உயர்த்திய சுட்டுவிரலும், குனிந்த நடையுமாகக் கேலிப் பொம்மைகளாக்கப்பட்டனர்.

சீனரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு அது நகைப்பைத் தருவதில்லை. அமெரிக்காவில் ஆசிய வம்சத்து நாட்டியக்காரரே இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். மரபில் கை வைக்கலாகாது என்று மறுத்தோரும் இருந்தனர். எந்த மரபில்? ஹாஃப்மனைத் துமா மாற்றினார். துமாவைப் பெத்திப்பா மாற்றினார். இவானோவின் ஆட்டத்தைப் பாலன்ஷீன் தம் விருப்பப்படி திருத்தினார். 2017-ல் நியூயார்க் குழு தன் தேநீர் நடனத்திலிருந்து மீசையையும் விரலாட்டத்தையும் நீக்கியது. 2021-ல் பெர்லின் அரசாங்க பாலே தன்னிடமிருந்த பழைய அமைப்பை அவ்வாண்டு ஆடாமல் நிறுத்தி வைத்தது. இவ்வளவு வழக்கும் எழுந்த அந்தத் தேநீர் நடனம், ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு நிமிடமே.