நொய்யலும் சாயப்பட்டறையும்: திருப்பூரில் லாபக் கணக்கு மாறிய வரலாறு

திருப்பூர்ச் சாயக்கழிவைப் பற்றி எழுதுவோர் பலரும் 'தொழிலா, சுற்றுச்சூழலா' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். சுத்திகரிப்புச் செலவு யார் கணக்கில் ஏற வேண்டும் என்ற கேள்வி அதில் காணாமல் போய்விடுகிறது. 1980களிலிருந்து 2011 வரை நடந்தவற்றை இக்கட்டுரை அந்தக் கோணத்தில் ஆராய்கிறது.

திருப்பூர் நெடுங்காலம் வெள்ளைப் பனியனுக்குப் பேர்போன ஊர். வெள்ளைக்குச் சலவை போதும். 1970களின் இறுதியில் ஐரோப்பிய ஆர்டர்கள் வரத் தொடங்கி, அடுத்த பத்தாண்டில் வண்ண டி-ஷர்ட் ஏற்றுமதி பெருகியதும் சாயப்பட்டறைகள் ஊரெங்கும் முளைத்தன. இவற்றில் பெரும்பாலானவை ஜாப் ஒர்க் பட்டறைகள். துணி ஏற்றுமதியாளருடையது, பட்டறைக்காரருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கட்டுப்படியாகாது என்று ஒருவர் தயங்கினால் துணி அடுத்த பட்டறைக்குப் போய்விடும். கழிவைச் சுத்திகரிக்கும் செலவுக்கு அந்தக் கூலியில் இடமே இருக்கவில்லை.

சிக்கலின் மையம் உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பின் அளவும் கூடும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ வேலை முடிந்ததும் அப்படியே கழிவுநீரோடு வெளியேறும். 1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு முதலானவற்றைக் கலந்து நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியவில்லை. பார்வைக்குத் தெளிந்த நீர் பயிருக்கு நஞ்சாகவே இருந்தது.

அந்த நீர் போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே பாசன விவசாயிகள் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணை கட்டித் தந்த பிறகு, அதைத் திறக்காதே என்று உழவர்களே சொன்ன விந்தை வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

1989ஆம் ஆண்டின் அரசாணை, குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கி.மீ. தொலைவுக்குள் மாசுபடுத்தும் தொழில்களுக்குத் தடை விதித்திருந்தது. அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. 1996இல் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. நொய்யல் விவசாயிகளும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர்.

அந்தக் கோட்பாட்டுக்கு விலை நிர்ணயித்தது உயர் நீதிமன்றத்தின் 2006 டிசம்பர் ஆணை. 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வர வேண்டும். அதுவரை வெளியேறும் லிட்டருக்கு 6 பைசா, பின் 8, பின் 10 பைசா என்று அபராதம். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு இது 6,000 ரூபாயில் தொடங்கி 10,000 ரூபாய் வரை ஏறும் தினச் செலவு. ஆறு தாங்கிய இழப்பு முதன்முறையாகப் பட்டறையின் பேரேட்டில் ஒரு வரியாக ஏறியது. மனசாட்சியை நோக்கிய வேண்டுகோள்களால் ஆகாதது இந்தப் பைசாக் கணக்கால் ஓரளவு ஆனது என்பதே என் மதிப்பீடு.

ஓரளவுதான். 2009இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த மூன்று மாத அவகாசமும் கடந்தது. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சுமார் 700 பட்டறைகள் நின்றன. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சவ்வூடு வடிகட்டலில் மிஞ்சும் உப்புக்கரைசலையே மீண்டும் சாயத்தொட்டிக்குக் கொண்டுவரும் முறை அருள்புரத்தில் சோதிக்கப்பட்டு, நிலையங்கள் படிப்படியாகத் திறந்தன. சாயக்கூலி ஏறியது. சில பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்து பழைய வழக்கத்தையே தொடர்ந்தன.

கழிவு வெளியேறாத நகரம் என்பதையே இன்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் விற்பனைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அபராதமும் மூடல் ஆணையும் பட்டறை வாசலோடு நின்றன. மலிவான டி-ஷர்ட்டால் அதிகம் ஆதாயம் கண்ட வெளிநாட்டு வணிக நிறுவனங்களுக்கு அந்த ஆணைகளில் ஒரு பைசாப் பொறுப்பும் விதிக்கப்படவில்லை.