கிளப்பை விற்றார்கள், மண்ணை விற்க முடியவில்லை

கிளாஸ்கோ நகரின் தென்பகுதியில் ஹாம்ப்டன் பார்க் என்ற பெயரில் மூன்று மைதானங்கள் இருந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். முதலாவது இருந்த இடத்தில் இன்று பெரியவர்கள் லான் பவுல்ஸ் ஆடுகிறார்கள். மூன்றாவதுதான் ஸ்காட்லாந்து தேசிய அணியின் ஸ்டேடியம். 1937-ல் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்துக்கு 1,49,415 பேர் திரண்ட இடம். அதைப் பற்றி எழுத ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது நடுவில் உள்ளதை. அதற்கு ஹாம்ப்டன் என்ற பெயர் சுமார் இருபது வருடம்தான் இருந்தது. பிறகு அது கேத்கின் பார்க் ஆனது. தேர்ட் லானார்க் என்ற சிறிய கிளப்பின் சொந்த வீடானது.

முதலில் கிளப்பின் கதை. 1859-ல் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடும் என்ற பயம் பிரிட்டனைப் பிடித்துக்கொண்டது. குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் ஊருக்கு ஊர் தொண்டர் படைகளில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். நெப்போலியன் வரவில்லை. படைகள் மட்டும் கலையாமல் நின்றன. அவற்றில் ஒன்றுதான் லானார்க்‌ஷயர் மாவட்டத்தின் மூன்றாவது ரைஃபிள் தொண்டர் படை. 1872 நவம்பர் 30-ஆம் தேதி உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும், கிளாஸ்கோவிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. ஒரு கோல்கூட விழவில்லை. ஆனாலும் ஊருக்கே கால்பந்துக் காய்ச்சல் பிடித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 12 அன்று இந்தப் படைக்காரர்கள் ஒரு கால்பந்து கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். சிப்பாய் உடுப்பின் சிவப்பே ஜெர்சியின் நிறம். ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஹை ஹை'.

இனி மைதானம். முதல் ஹாம்ப்டனின் குறுக்கே ரயில் பாதை வந்ததால், அங்கே ஆடிவந்த குயின்ஸ் பார்க் கிளப் இடம் பெயர்ந்து 1884-ல் இரண்டாவது ஹாம்ப்டனைத் திறந்தது. 1889 பிப்ரவரி 2 அன்று அங்கேதான் ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனல். தேர்ட் லானார்க்கும், தொடங்கி ஒன்றேகால் வருடமே ஆன செல்டிக்கும் மோதின. தரையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. தேர்ட் லானார்க் 3-0 என்று ஜெயித்தது. இந்தத் தரையில் நடந்ததை ஃபைனல் என்று ஏற்க முடியாது எனப் புகார் எழ, ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி ஆடினார்கள். இந்த முறை 2-1. கோப்பை மறுபடியும் தேர்ட் லானார்க்குக்கே! தங்கள் முதல் பெரிய கோப்பையை அவர்கள் தூக்கியது இரவல் மைதானத்தில். பதினான்கு வருடத்தில் அந்த மைதானமே அவர்கள் கைக்கு வரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

குயின்ஸ் பார்க் அந்தக் காலத்தில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்காத கிளப். ஆனால் பெருமைக்குக் குறைவில்லை. இன்னும் பெரிய மைதானம் வேண்டும் என்று 1903-ல் மூன்றாவது ஹாம்ப்டனுக்குக் கிளம்பியது. காலியான இரண்டாவதைத் தேர்ட் லானார்க் குத்தகைக்கு எடுத்து, தன் பழைய மைதானத்தின் பெயரையே சூட்டியது. கைராசியான வீடுதான். 1903-04 சீசனில் லீக் பட்டம், 1905-ல் ரேஞ்சர்ஸை மறு ஆட்டத்தில் 3-1 என வீழ்த்தி ஸ்காட்டிஷ் கோப்பை. அந்த உயரத்தை அவர்கள் பிறகு எட்டவே இல்லை. செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே முளைத்த செடியாக, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாகக் காலம் ஓடியது.

கேத்கின் பார்க்கின் கேலரியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இன்றைய ஸ்டேடியம்போல நாற்காலி கிடையாது. மண்ணைக் குவித்து மேடாக்கி, அதில் படிப்படியாக நிற்கும் இடம் அமைத்திருந்தார்கள். கூட்டம் ஒரேயடியாக முன்னால் சரிந்து யாரும் நசுங்கிவிடக் கூடாதே என்று இடையிடையே, இடுப்பளவில், இரும்புத் தடுப்புக் கம்பிகள். 1954-ல் ரேஞ்சர்ஸுடன் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு இந்தப் படிகளில் 45,000 பேருக்கு மேல் நின்றார்கள். சிறிய கிளப்புக்கு அது திருவிழாக் கூட்டம்.

1960-61 சீசன் ஒரு வேடிக்கை. 34 ஆட்டங்களில் 100 கோல் அடித்தார்கள். 80 கோல் வாங்கினார்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து கோலுக்கு மேல் பார்த்த ரசிகர், டிக்கெட் காசு வீண் என்று சொல்லியிருக்க மாட்டார். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கணக்கு 94-ல் நின்றது. வந்தது ஹிபர்னியன் அணி. 6-1! சதம் சரியாக நிறைந்தது. அலெக்ஸ் ஹார்லி மட்டும் 42 கோல். லீக்கில் மூன்றாம் இடம்.

அங்கிருந்து ஆறே வருடத்தில் கிளப் இல்லாமல் போனது. கால்பந்து வரலாற்றில் இவ்வளவு வேகமான சரிவுகள் குறைவு. அதுவும் இது தானாக வந்த நோய் அல்ல என்பதுதான் என் எண்ணம். ஹார்லியும் டேவ் ஹில்லியும் 1962-லேயே இங்கிலாந்துக்கு விற்கப்பட்டார்கள். அடுத்த வருடம் மேட் கிரேயும் போனார். விற்ற காசு அணிக்குத் திரும்பவில்லை. 1964-65-ல் 34 ஆட்டங்களில் மூன்றே வெற்றி, ஒரு டிரா, மிச்சம் முப்பதும் தோல்வி. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். சம்பளத்தைச் சில்லறைக் காசாக எண்ணிக் கொடுத்ததும், குளிக்க வெந்நீர் இல்லாததும் அந்தக் காலத்து வீரர்கள் சொல்லும் கதைகளில் திரும்பத் திரும்ப வரும்.

நிர்வாகத்தின் கண் பந்தின் மேல் இல்லை, நிலத்தின் மேல் இருந்தது. நகரத்துக்குள், பஸ்ஸும் ரயிலும் பக்கத்திலேயே இருக்கும் பெரிய மனை! வீடு கட்ட விற்றால் என்ன விலை போகும்? கிளப் நன்றாக நடந்தால் நிலத்தை விற்க முடியாது. கிளப் படுத்துவிட்டால் விற்கலாம்.

1967 ஏப்ரல் 25 அன்று கேத்கினில் கடைசி லீக் ஆட்டம். குயின் ஆஃப் த சவுத் அணியுடன் 3-3. மூன்று நாள் கழித்து டம்பார்ட்டனில் 5-1 என்று தோற்றார்கள். அந்த ஒற்றை கோலை அடித்தவர் ட்ரூ பஸ்பி. தேர்ட் லானார்க்கின் பெயரில் பதிவான கடைசி கோல் அதுதான். கோடையில் கோர்ட் உத்தரவின்படி கிளப் கலைக்கப்பட்டது. 95 வருட வரலாறு கணக்குப் புத்தகத்தோடு மூடப்பட்டது. அரசாங்கத்தின் வர்த்தகத் துறை விசாரணை நடத்தி, நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. சேர்மன் அந்த வருடம் முடியுமுன்பே இறந்துபோயிருந்தார்.

ஆனால் மனைக் கணக்கு பலிக்கவில்லை. அங்கே வீடு கட்ட கிளாஸ்கோ மாநகராட்சி அனுமதி தரவில்லை. முனிசிபாலிட்டி என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு கையெழுத்துக்காக அவர்களைப் பாராட்டலாம். ஸ்காட்லாந்தில் பழைய கால்பந்து மைதானங்கள் எத்தனையோ வீட்டுமனையாகவும் சூப்பர் மார்க்கெட்டாகவும் மாறியிருக்கின்றன. டம்பார்ட்டனில் அந்தக் கடைசி ஆட்டம் நடந்த பாக்ஹெட் மைதானமும் பின்னாளில் வீடுகளானது. அங்கு கிளப் உயிரோடு இருக்கிறது, மைதானம் இல்லை. கேத்கினில் நேர் எதிர்.

பெரிய ஸ்டாண்டை இடித்துவிட்டார்கள். மற்ற மூன்று பக்கத்துக் கேலரியும் அப்படியே இருக்கிறது. இடம் பொதுப் பூங்காவாகிவிட்டது. படிகளைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரங்கள் இப்போது கேலரியை விட உயரம்; தடுப்புக் கம்பிகள் அவற்றின் நடுவே நிற்கின்றன. நாயோடு நடக்க வருகிறவர்கள் உண்டு. பழைய பெயரை மீட்டெடுத்த ஒரு அமெச்சூர் அணி அதே சிவப்பு ஜெர்சியில் அதே புல்லில் ஆடுகிறது. டிக்கெட் கிடையாது, ஆட்டம் நடக்கும்போது யாரும் போய் அந்தப் படிகளில் நின்று பார்க்கலாம்.

முதல் ஹாம்ப்டனின் ரயில் பாதையும், அங்கே ஸ்காட்லாந்துக்கு ஆடிய ஆண்ட்ரூ வாட்சன் என்ற கறுப்பின வீரரின் கதையும் அடுத்த வாரம்.